269 பேரும் மனிதர்களே!

அரக்கர்கள் வந்தார்கள், ஊரை அழித்தார்கள், போனார்கள் என்று எழுதிவிட்டால் எழுதுகிறவருக்கும் வேலை எளிது. படிக்கிறவருக்கும் தூக்கம் கெடாது. பத்துத் தலையும் இருபது கையும் பூட்டி, இதோ பார் கொடியவன் என்று காட்டிய கதாகாலட்சேபங்களை நமது இயக்கம் என்றைக்கும் நம்பியதில்லை. ஆகவே, வாச்சாத்திக்கு வந்தவர்களைப் பற்றியும் அந்தப் புராண வழியிலே பேச நமக்கு உரிமை இல்லை. வந்தவர்கள் 269 பேர். அத்தனை பேருக்கும் ஒரு தலை, இரண்டு கை. மாதச் சம்பளம் உண்டு. வருகைப் பதிவேட்டிலே கையெழுத்து உண்டு. தீபாவளிக்கு முன்பணம் கேட்டு மனுப் போடும் பழக்கம் உண்டு. நம் தெருவிலே குடியிருந்தவர்கள், நம்மோடு தேநீர்க் கடையிலே நின்றவர்கள். அவர்கள்தாம் வந்தார்கள். அதுதான் நெஞ்சை அடைக்கும் செய்தி.

சங்கச் சான்றோர் தகடூர் என்று பாடிய மண், இன்றைய தருமபுரி. அம்மாவட்டத்திலே, அரூர் வட்டாரத்திலே, சித்தேரி மலையடிவாரத்திலே இருக்கிறது வாச்சாத்தி. மலையாளி என்று அரசுப் பட்டியலிலே குறிக்கப்படும் பழங்குடி மக்களின் சிற்றூர். (கேரளத்துக்காரர் என்று எண்ணிவிட வேண்டாம், மலையிலே வாழ்வோர் என்ற பொருளிலே வந்த பெயர் அது.) கொஞ்சம் நிலம், கொஞ்சம் ஆடு மாடு, மலை கொடுக்கும் விறகு, இவைதாம் அவர்கள் செல்வம். அந்த மலையிலே சந்தன மரமும் இருந்தது. வெட்டியவன் கூலி வாங்கினான். விற்றவன் கோடி சேர்த்தான். இடையிலே கண்ணை மூடிக்கொண்டவன் பங்கு வாங்கினான். பழி வந்தபோது மட்டும் அது நேராக அந்தக் கூலிக்காரன் குடிசைக் கதவைத் தட்டிற்று.

1992ஆம் ஆண்டு, ஜூன் 20, சனிக்கிழமை. பதுக்கிய சந்தனக்கட்டையைத் தேடுகிறோம் என்று காலையிலே வந்தவர்களுக்கும் ஊர்க்காரர்களுக்கும் வாய்த் தகராறு முற்றிக் கைகலப்பாயிற்று. வனத்துறை ஊழியர் ஒருவர் அடிபட்டார். அடிபட்டவர் ஒருவர், அடி விழுந்ததோ, துறையின் தன்மானத்தின் மேல் என்று கருதினார்கள். அன்றே படை திரண்டது. வனத்துறையினர் 155 பேர், போலீசார் 108 பேர், வருவாய்த்துறையினர் 6 பேர். மூன்று துறைகளும் இவ்வளவு ஒற்றுமையாக ஒரு மலையடி ஊருக்கு வந்தது, சாலை போடவா? பள்ளி கட்டவா? பட்டா கொடுக்கவா?

ஆண்களில் பெரும்பாலோர் மலைக்குள் ஓடிவிட்டார்கள். அகப்பட்டவர்களை, பெண்களை, குழந்தைகளை, கிழவர்களை ஊர் ஆலமரத்தடிக்கு இழுத்து வந்து அடித்தார்கள். இளம்பெண்கள் 18 பேரைப் பிரித்து, கட்டை எங்கே புதைத்திருக்கிறது காட்டு என்று சொல்லி, ஏரிப் பக்கம் கொண்டு போனார்கள். அங்கே நடந்ததை விரித்து எழுத மாட்டோம். நீதிமன்றம் அதற்குப் பெயர் சொல்லித் தண்டித்திருக்கிறது. அவர்களிலே பள்ளி செல்லும் வயதுச் சிறுமியும் உண்டு என்பதை மட்டும் சொல்லிவிட்டு மேலே செல்கிறோம். அன்றிரவு அரூர் வனச்சரக அலுவலகம். பிறகு சேலம் சிறை. கற்பழிக்கப்பட்டவர் கைதியானார், கற்பழித்தவர் காவலரானார்!

ஊர் என்ன ஆயிற்று? கூரைகள் பிய்க்கப்பட்டன. தானியம் வாரி இறைக்கப்பட்டது. ஆடும் கோழியும் வந்தவர்களுக்கு விருந்தாயின. கிணற்றிலே எண்ணெயையும் செத்த கால்நடையையும் போட்டுக் குடிதண்ணீரைக் கெடுத்தார்கள். ஆளைப் பிடிக்க வந்தவனுக்குக் கிணற்றின் மேல் என்ன கோபம்? இந்தக் கேள்வியை இங்கேயே ஒரு கல் வைத்து அடையாளம் செய்து கொள்ளுங்கள், தோழர்களே. திருடனைத் தேடுகிறவன் கிணற்றைக் கெடுக்க மாட்டான். இனி இங்கே எவரும் வாழக்கூடாது என்று முடிவு கட்டியவன்தான் கெடுப்பான். சட்டத்தின் வேலை முடிந்து, பயங்கரத்தின் வேலை தொடங்கிய இடம் அந்தக் கிணற்றடி.

இனி நமது கேள்விக்கு வருவோம். சம்பளக்காரர்கள் 269 பேர், ஒருநாள் பொழுதிலே, எப்படி இந்த நிலைக்கு வந்தார்கள்?

சிலப்பதிகாரத்தை நமது மேடைகளிலே எத்தனை முறை முழங்கியிருக்கிறோம்! கண்ணகி சிலம்பு உடைத்ததைச் சொன்னால் கைதட்டல் கூரையைப் பிளக்கும். ஆனால், கோவலன் வெட்டுப்பட்ட காட்சியை யாரும் அவ்வளவாக எடுத்துப் பேசுவதில்லை. பேச வேண்டிய காட்சி அது. களவு செய்தவன் பொற்கொல்லன். அவன் தன் களவை மறைக்கவே வெளியூர்க்காரன் ஒருவனைக் காட்டிக் கொடுக்கிறான். அரசன் ஊடலிலே, அவசரத்திலே, விசாரணை இல்லாமல் ஆணையிடுகிறான். காவலர் வருகிறார்கள். வந்தவர்கள் உடனே வெட்டினார்களா? இல்லை! கோவலனைப் பார்த்துத் தயங்குகிறார்கள். இவன் முகத்தைப் பார்த்தால் கொலைக்குரிய கள்வனாகத் தெரியவில்லையே என்று ஒருவன் வாய்விட்டே சொல்கிறான். அந்தத் தயக்கம் இன்னும் இரண்டு நாழிகை நீடித்திருந்தால் மதுரை எரிந்திருக்காது. பொற்கொல்லன் விட்டானா? கள்வரின் கைத்திறன் எட்டு வகை என்று பாடம் நடத்துகிறான். மந்திரம் என்கிறான், மருந்து என்கிறான், தந்திரம் என்கிறான். இவர்கள் சாமானியர் அல்லர், இவர்களிடம் இரக்கம் காட்டினால் நமக்கே ஆபத்து என்று அச்சத்தை ஊட்டுகிறான். இன்னொருவன் தான் கேட்ட கள்வன் கதை ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறான். கடைசியிலே, குடிவெறியிலே இருந்த ஒருவன் வாளை வீசிவிடுகிறான். மற்றவர்கள்? தடுக்கவும் இல்லை, வெட்டவும் இல்லை. சும்மா நின்றார்கள்.

ஆணையிட்டவன் அரண்மனையிலே, அச்சத்தை ஊட்டியவன் பக்கத்திலே, வெட்டியவன் ஒருவன், நின்றவர் பலர். வாச்சாத்தியின் வரைபடம் இதுதான். சந்தனத்தை உண்மையிலே கொள்ளையடித்த பெரும்புள்ளிகளைக் காப்பாற்றவே அப்பாவிப் பெண்கள் பலியிடப்பட்டார்கள் என்ற கருத்தைச் சென்னை உயர்நீதிமன்றமே 2023ஆம் ஆண்டுத் தீர்ப்பிலே பதிந்திருக்கிறது. பொற்கொல்லன் செத்துவிட்டான் என்று யார் சொன்னது?

இரண்டாவது செய்தி இன்னும் கசப்பானது. கெட்ட குணத்தால்தான் மனிதன் கெட்ட செயல் செய்கிறான் என்பது நமக்குப் பழகிய எண்ணம். நாம் போற்றி வளர்க்கும் நல்ல குணங்களே பயங்கரத்துக்கு விறகாக அடுக்கப்படும் என்பதை எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்?

ஐரோப்பாவுக்குச் சற்றுப் போய் வருவோம். 1942ஆம் ஆண்டு, ஜூலை 13. இட்லரின் படை பிடித்து வைத்திருந்த போலந்து நாட்டிலே யூசெபுவ் என்றொரு சிற்றூர். ஜெர்மனியின் ஹாம்பர்க் துறைமுக நகரிலிருந்து திரட்டப்பட்ட 101ஆம் எண் ரிசர்வ் போலீஸ் பட்டாளம் அங்கே நிற்கிறது. ஏறத்தாழ 500 பேர். வெறியேறிய இளைஞர்களா? இல்லை. நடுவயதுக்காரர்கள், பிள்ளை குட்டிக்காரர்கள். துறைமுகத்திலே மூட்டை தூக்கியவர்கள், லாரி ஓட்டியவர்கள், கிடங்கிலே வேலை பார்த்தவர்கள். பாட்டாளி மக்கள், தோழர்களே! நம்மைப் போன்றவர்கள்! அவ்வூர் யூதர்களிலே வேலைக்கு ஏற்ற ஆண்களை ஒதுக்கிவிட்டு, பெண்கள், குழந்தைகள், முதியோர் அனைவரையும் சுட்டுவிட வேண்டும் என்பது ஆணை. அதைச் சொன்ன மேஜர் டிராப்பின் குரல் தழுதழுத்ததாம். சொல்லிவிட்டு அவர் ஒரு வழியும் திறந்து வைத்தார்: உங்களிலே மூத்தவர்கள், இதைச் செய்ய மனம் ஒப்பாதவர்கள், விலகி நிற்கலாம் என்றார். எத்தனை பேர் விலகினார்கள்? ஏறத்தாழ ஒரு டஜன் பேர். அன்று மாலைக்குள் சுடப்பட்டவர்கள் ஏறத்தாழ 1,500 பேர்.

விலகியவருக்குத் தூக்கு இல்லை, சிறை இல்லை. பிறகு ஏன் மற்றவர்கள் விலகவில்லை? அந்தப் பட்டாளத்து ஆட்கள் பின்னாளிலே வழக்கு விசாரணையிலே கொடுத்த வாக்குமூலங்களைத் துருவிப் படித்து, கிறிஸ்டோபர் பிரவுனிங் என்ற வரலாற்றாசிரியர் ஒரு நூல் எழுதினார். ‘சாதாரண மனிதர்கள்’ என்பது அதன் தலைப்பின் பொருள். அது வெளிவந்த ஆண்டும் 1992தான், வாச்சாத்தியின் ஆண்டு! அவர் கண்ட காரணங்களிலே ஒன்று நம்மைச் சுடுகிறது. உடன் நிற்கும் தோழர்கள் முன்னே கோழை எனப் பெயர் எடுக்க அவர்களுக்கு மனம் வரவில்லை. நான் விலகினால் என் பங்குப் பாரத்தை என் கூட்டாளி அல்லவா சுமப்பான் என்று எண்ணினார்கள். கூட்டாளியைக் கைவிடாத குணம்! ஆலை வேலைநிறுத்தத்திலே நாம் தலையிலே தூக்கி வைத்துக் கொண்டாடும் குணம்! அதே குணம், குழி விளிம்பிலே நிற்கும் குழந்தையின் பின்தலைக்குத் துப்பாக்கியை உயர்த்தியது.

கடமை, கண்ணியம், கட்டுப்பாடு என்று அண்ணா நமக்கு மூன்று சொற்களைத் தந்தார். கழகச் சுவர்களிலே, தட்டிகளிலே, மலர்களின் முகப்பிலே அவற்றை வரிசையாகவே பார்த்துப் பழகிவிட்டோம். ஆகவே நடுச்சொல் எதற்கு அங்கே நிற்கிறது என்று கேட்க மறந்துவிட்டோம். அந்த ஹாம்பர்க் பட்டாளத்திடம் கடமை இருந்தது, கட்டுப்பாடும் இருந்தது. வாச்சாத்திக்கு வந்த லாரிகளிலும் இரண்டும் இருந்தன. ஆணை வந்தது, அணி வகுத்தார்கள். சொன்ன நேரத்துக்கு வந்தார்கள். நடுச்சொல் மட்டும் இல்லை. நடுச்சொல் இல்லாத அந்த இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு அரூர் வட்டாரத்திலே சாட்சி இருக்கிறது.

நாங்கள் யாரையும் தொடவே இல்லையே, நாங்கள் வெறுமனே வண்டிதானே ஓட்டினோம், வாசலிலேதானே நின்றோம் என்பார்கள். இந்த வாதத்தைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும், ஏனெனில் நம்மிலே பெரும்பாலோருக்கு நாளை கிடைக்கக்கூடிய வேடம் இதுதான்.

அமெரிக்காவிலே யேல் பல்கலைக்கழகத்திலே ஸ்டான்லி மில்கிராம் என்ற உளவியல் அறிஞர் 1961ஆம் ஆண்டு ஒரு சோதனை தொடங்கினார். சாதாரண ஊர்க்காரர்களை வரவழைத்து, பக்கத்து அறையிலே இருப்பவர் பாடத்தைத் தவறாகச் சொல்லும்போதெல்லாம் இந்த விசையை அழுத்தி மின்சார அதிர்ச்சி கொடுங்கள், ஒவ்வொரு தவறுக்கும் ஒரு படி கூட்டுங்கள் என்றார்கள். உண்மையிலே மின்சாரம் ஏதும் பாயவில்லை. அலறல் எல்லாம் நடிப்பு. விசையை அழுத்தியவருக்கு அது தெரியாது. மேலங்கி அணிந்த ஒருவர் பின்னே நின்று, தொடருங்கள் என்பார். அவ்வளவுதான், அடி இல்லை, மிரட்டல் இல்லை. 40 பேரில் 26 பேர் கடைசி விசைவரை, 450 வோல்ட் வரை போனார்கள். இன்னொரு சோதனையிலே விசையை அழுத்தும் வேலையை வேறொருவரிடம் விட்டுவிட்டு, பக்கத்து எடுபிடி வேலையை மட்டும் வந்தவருக்குக் கொடுத்தார்கள். அப்போது 40 பேரில் 37 பேர் கடைசிவரை உடன் இருந்தார்கள்! தன் கை விசையிலே படாதவரை தன் மனச்சான்று படுத்துறங்கும் என்று தெரிந்தது. இந்தச் சோதனை முறை பற்றி அறிஞர்களிடையே வழக்கு உண்டு. ஆனால் வாச்சாத்தியிலே நடந்தது நடிப்பன்று, அலறலும் பொய்யன்று.

தருமபுரி மாவட்ட முதன்மை அமர்வு நீதிமன்றம் 2011ஆம் ஆண்டு செப்டம்பர் 29 அன்று தீர்ப்புச் சொன்னபோது, இந்த எடுபிடி வாதம்தான் நொறுங்கியது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் வழக்கு நடந்த காலத்திலேயே 54 பேர் இறந்துவிட்டார்கள். எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் என்றது நீதிமன்றம். வனத்துறையினர் 126, போலீசார் 84, வருவாய்த்துறையினர் 5. அவர்களிலே 17 பேர் பாலியல் வன்கொடுமைக்காகத் தண்டனை பெற்றார்கள். மீதி 198 பேர்? அடித்தவர், உடைத்தவர், அடைத்தவர், உடன் நின்றவர். அவர்களுக்கும் ஓராண்டிலிருந்து மூன்றாண்டு வரை தண்டனை. தண்டனையின் அளவு போதுமா என்று கேட்பவர் கேட்கலாம். நமக்கும் அந்தக் கேள்வி உண்டு. எனினும், வெட்டியவனை மட்டும் பிடித்துக்கொண்டு, நின்றவனை வீட்டுக்கு அனுப்பும் பழைய கணக்கு அன்று தருமபுரியிலே தீர்ந்தது.

சரி, உடுப்பு போட்டவர்கள் கதை இது, நமக்கென்ன என்று எவரும் நாற்காலியிலே சாய வேண்டாம். அதே தருமபுரியிலே, கட்சிக் கரை வேட்டியும் அதே வேலையைச் செய்திருக்கிறது.

2000ஆம் ஆண்டு பிப்ரவரி 2. கொடைக்கானல் ஓட்டல் வழக்கிலே ஒரு தலைவருக்குத் தண்டனை என்று செய்தி வருகிறது. அவருடைய கட்சியினர் ஆங்காங்கே மறியலில் இறங்குகிறார்கள். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழக மாணவிகள் கல்விச் சுற்றுலா சென்ற பேருந்து, தருமபுரியை அடுத்த இலக்கியம்பட்டியிலே நிற்கிறது. பெட்ரோலை ஊற்றிக் கொளுத்தினார்கள். கோகிலவாணி, காயத்ரி, ஹேமலதா என்ற மூன்று மாணவிகள் உயிரோடு எரிந்தார்கள். அந்தப் பெண்களுக்கும் கொடைக்கானல் ஓட்டலுக்கும் என்ன தொடர்பு? வாச்சாத்திக் கிணற்றுக்கும் சந்தனக் கட்டைக்கும் உள்ள அதே தொடர்பு! விசாரணை நீதிமன்றம் 2007இல் மூவருக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. 2010இல் உச்சநீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2016இல் அதே உச்சநீதிமன்றம், கூட்ட வெறியிலே நடந்த செயல், முன்கூட்டித் திட்டமிட்ட கொலையன்று என்று கருதி, ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. 2018இல் அவர்கள் விடுதலை செய்யப்பட்டார்கள்.

தூக்கு நீங்கியதற்காக நாம் வருந்தவில்லை. உயிருக்கு உயிர் கேட்பது நம் வழியன்று. ஆனால் கூட்ட வெறி என்ற அந்தச் சொல் மழையைப் போலத் தானாக வானத்திலிருந்து விழுந்ததா? தலைவருக்கு ஒன்று என்றால் தமிழகம் எரியும் என்று யாரோ ஒருவர் மேடையிலே சொன்னால்தான், அடுத்தவன் எரிவதற்கு எதையாவது தேடுவான். சொன்னவர் பேச்சாளர், கொளுத்தியவன் தொண்டன், செத்தவள் மாணவி. பேச்சாளருக்கு மாலை, தொண்டனுக்குச் சிறை, மாணவிக்குச் சமாதி! கொளுத்தியவனும் ஏழைதான். அவன் விசுவாசத்தை எவரோ விலைக்கு வாங்கவில்லை. அவனே இலவசமாகக் கொடுத்தான். அதனால்தான் அது இவ்வளவு ஆபத்தானது.

எதிர்முகாமைக் குத்துவதற்காக இதைச் சொல்கிறோம் என்று எண்ணிவிடக் கூடாது. மதுரையிலே 2007ஆம் ஆண்டு மே 9 அன்று, ஒரு கருத்துக்கணிப்பை வெளியிட்டதற்காக ஒரு நாளேட்டு அலுவலகம் தாக்கப்பட்டுத் தீயிடப்பட்டது. அங்கே வேலை பார்த்த மூன்று பேர் மாண்டார்கள். அது நம் வீட்டுச் சண்டையிலே பற்றிய தீ. விசாரணை நீதிமன்றம் விடுவித்தவர்களிலே 9 பேருக்கு 2019இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை ஆயுள் தண்டனை அளித்தது. தீக்கு ஏது கட்சி? இலக்கியம்பட்டிப் பேருந்தைப் பற்றிப் பேசும் உரிமை, மதுரையைப் பற்றியும் பேசுகிறவனுக்குத்தான் உண்டு.

உடுப்பும் இல்லாமல், கட்சிக்கொடியும் இல்லாமல் பயங்கரம் வருமா? வரும், சாதியின் தோளேறி வரும். தருமபுரி மாவட்டத்திலேயே, 2012ஆம் ஆண்டு நவம்பர் 7 அன்று, நாயக்கன்கொட்டாய் அருகே நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய ஆதித்திராவிடர் குடியிருப்புகளிலே இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டுக் கொளுத்தப்பட்டன. காரணம்? சாதி கடந்து இருவர் மணந்தார்கள். பெண்ணின் தந்தை உயிரை மாய்த்துக்கொண்டார். 1967இலே அண்ணாவின் ஆட்சி சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்டம் செய்த நாட்டிலே இது! எரிந்த ஊர்களிலே ஒன்றின் பெயரிலே அண்ணாவும் இருக்கிறார். இதைவிடக் கொடிய கேலி வேறென்ன வேண்டும்? கொளுத்தியவர்கள் தொலைதூரத்துப் பகைவர்கள் அல்லர், அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள். எந்த வீட்டிலே பீரோ எங்கே இருக்கிறது என்பதுகூட அறிந்திருக்கக் கூடியவர்கள்.

கவனித்தீர்களா, தோழர்களே? மூன்று இடத்திலும் தீ வருவதற்கு முன்பே ஒரு பெயர் வந்துவிட்டது. வாச்சாத்தி மக்கள் எல்லாரும் ‘கடத்தல்காரர்கள்’. பால்குடிக் குழந்தைக்கும் அதே பட்டம். அந்தப் பேருந்திலே இருந்தவர்கள் யாரென்றே பார்க்கவில்லை. ‘அரசு வண்டி’, அவ்வளவுதான். நத்தத்திலே இருந்தவர்கள் ‘காலனிக்காரர்கள்’. அவள் பெயர் இன்னது, அவனுக்கு அடுத்த மாதம் கலியாணம், இந்தக் கிழவிக்குக் கண் தெரியாது என்று தெரிந்தால் கை ஓங்காது. ஆகவே முதலிலே பெயரை அழிக்கிறார்கள், பிறகுதான் ஆளை அழிக்கிறார்கள். எழுத்தும் பேச்சும் தொழிலாகக் கொண்டவர்கள் இதை எண்ணிப் பார்த்தாக வேண்டும். மேடையிலே ஒரு கூட்டத்தையே புழு என்றும் நரி என்றும் சொல்லிக் கைதட்டல் வாங்குவது சுலபம். அந்தச் சொல் இரவோடிரவாக எந்த ஊருக்கு நடந்து போகிறது என்பதை ஒலிபெருக்கிக்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது.

பயங்கரம் முடிந்த பிறகும் அதன் வேலை ஓய்வதில்லை. அது நடக்கவே இல்லை என்று சொல்ல வேண்டும். அதற்கும் ஆட்கள் உண்டு, அவர்கள் கையிலே தடி இருக்காது, பேனா இருக்கும். ஜார்ஜ் ஆர்வெல் என்ற ஆங்கில எழுத்தாளர், வருங்காலத்துக் கொடுங்கனவு நாடு ஒன்றைப் பற்றி 1949இல் ‘1984’ என்ற நாவலை வெளியிட்டார். பழைய செய்தித்தாள்களைத் திருத்தித் திருத்தி, நடந்ததை நடவாததாக்கும் அலுவலகம் ஒன்று அதிலே வருகிறது. அந்த மனிதர் பிறந்தது நமது நாட்டுப் பீகாரிலே, மோதிஹாரியிலே, 1903இல். இளமையிலே பர்மாவிலே வெள்ளையரின் போலீஸ் அதிகாரியாக இருந்தவர். உடுப்புக்குள்ளே இருந்து பார்த்தவர் என்பதால்தான் அவர் கற்பனைக்கு அவ்வளவு கூர்மை என்று நமக்குத் தோன்றும். வாச்சாத்தியைப் பற்றிய புகார் வந்தபோது, அன்றைய ஆட்சி செய்ததும் அதே அலுவலக வேலைதான். அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்றது. பாதிக்கப்பட்டவர்களே குற்றவாளிகள் என்றது. கோப்பு ஒழுங்காக இருந்தது. ஊர்தான் ஊராக இல்லை; மக்கள் மாதக் கணக்கிலே மலைக்காட்டிலே கிடந்தார்கள்.

அந்தக் கோப்பைக் கிழித்தவர்கள் யார்? இங்கே நாம் கட்சி எல்லையைத் தாண்டிக் கை குவிக்கத்தான் வேண்டும். தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கம் அந்தப் பாழ் ஊருக்குள் நுழைந்து உண்மையை வெளியே கொண்டுவந்தது. மார்க்சிஸ்ட் கட்சியின் மாநிலச் செயலாளராக இருந்த தோழர் நல்லசிவன் 1992இலேயே உச்சநீதிமன்றத்தின் கதவைத் தட்டினார். வழக்கு சென்னை உயர்நீதிமன்றத்துக்கு வந்தது. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் ஆணையத்தின் தென்மண்டல இயக்குநர் பாமதி என்ற அம்மையார் நேரிலே வந்து விசாரித்து, புகாரிலே உண்மை உண்டு என்று எழுதினார். அவரும் அரசு ஊழியர்தான் என்பதை அடிக்கோடிட வேண்டும்! அவருக்கும் சம்பளம் உண்டு, மேலதிகாரி உண்டு, பதவி உயர்வு உண்டு. நடக்கவில்லை என்று எழுதியிருந்தால் தொல்லை இல்லாமல் ஊர் திரும்பியிருக்கலாம். அவர் அப்படி எழுதவில்லை. 1995இல் உயர்நீதிமன்றம் வழக்கை மத்தியப் புலனாய்வுத் துறையிடம் ஒப்படைத்தது.

எல்லாருக்கும் மேலே அந்தப் பெண்கள். தங்களுக்கு நேர்ந்ததை, நேர்ந்ததைச் செய்தவர்கள் எதிரே நிற்க, அறியாத மொழியிலே வாதாடும் வழக்கறிஞர்கள் நடுவே, ஒருமுறை இருமுறையன்று, ஆண்டுக்கணக்கிலே திரும்பத் திரும்பச் சொன்னார்கள். கண்ணகிக்குக்கூட ஒரே அவை, ஒரே நாள், ஒரே வழக்கு. இவர்களுக்கோ 31 ஆண்டு! 2023ஆம் ஆண்டு மார்ச்சிலே உயர்நீதிமன்ற நீதிபதி வேல்முருகன் வாச்சாத்திக்கே வந்து இடத்தைப் பார்த்தார். அவ்வாண்டு செப்டம்பர் 29 அன்று மேல்முறையீடுகள் அத்தனையும் தள்ளுபடி. பாதிக்கப்பட்ட 18 பெண்களுக்கும் தலைக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு, இறந்திருந்தால் குடும்பத்துக்கு. அதிலே 5 லட்சத்தைக் குற்றவாளிகளிடமிருந்து வாங்க வேண்டும் என்றது தீர்ப்பு. அதோடு நிற்கவில்லை. அன்றைய மாவட்ட ஆட்சியர், போலீஸ் கண்காணிப்பாளர், மாவட்ட வன அதிகாரி ஆகியோர் மீதும் நடவடிக்கை எடுக்கச் சொன்னது. அரண்மனையிலே இருந்தவரையும் தொட்ட தீர்ப்பு!

மில்கிராம் சோதனையிலே இன்னொரு கணக்கு உண்டு, வேண்டுமென்றே அதைக் கடைசிக்கு வைத்திருந்தோம். விசையை அழுத்த வந்தவரோடு இன்னும் இரண்டு பேரை உட்கார வைத்து, அந்த இருவரும் நடுவிலே எழுந்து, இதை நாங்கள் செய்ய மாட்டோம் என்று விலகும்படி ஏற்பாடு செய்தார்கள். அப்போது கடைசிவரை விசையை அழுத்தியவர்கள் 40 பேரில் எத்தனை பேர்? 4 பேர்! கோவலனைச் சுற்றி நின்றவர்களிலே தயங்கியவன் ஒருவன் இருந்தான். இன்னொருவன் எழுந்து, ஆமாம், எனக்கும் ஐயமாக இருக்கிறது, மறுபடி அரசனைக் கேட்டு வருவோம் என்று சொல்லியிருந்தால் போதும். அந்த 269 பேரிலே இரண்டு பேர் ஆலமரத்தடியிலே லத்தியைக் கீழே போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நாம் கணக்குப் போட முடியாது. போட்டதாக எந்தப் பதிவும் இல்லை.

ஆகவே கிளைச் செயலாளர்களுக்கு ஒரு வேலை வைக்கிறோம். வருகிற செப்டம்பர் 29 அன்று கொடியேற்று விழா எதுவும் இல்லையென்றால், மாலை ஏழு மணிக்குப் படிப்பகத்திலே கூடுங்கள். இருபது பேர் வந்தால் போதும். வாச்சாத்தித் தீர்ப்பு ஆங்கிலத்திலே இருக்கிறது. வழக்கறிஞர் அணித் தோழர் ஒருவரை அழைத்து, தமிழிலே எடுத்துச் சொல்லச் சொல்லுங்கள். வனத்துறையிலோ காவல்துறையிலோ வேலை பார்க்கும் உறவினர் உங்களிலே யாருக்காவது இருந்தால் அவரையும் அழைத்து வாருங்கள்; முன்வரிசையிலே நாற்காலி போடுங்கள், மரியாதையாக. கூட்டத்துக்கு ஒலிபெருக்கி வேண்டாம்.